விமான நிலையத்துக்கு வண்டி சொல்லும் முன் பெட்டிகளை எண்ணுங்கள்

அக்கா குடும்பத்தோடு அமெரிக்காவிலிருந்து முதல் முறை ஊருக்கு வந்தபோது, சென்னை விமான நிலையத்துக்கு நானும் அப்பாவும் அம்மாவும் ஒரு ஏழு சீட்டு வண்டி எடுத்துக்கொண்டு போயிருந்தோம். அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள், நாங்கள் மூன்று பேர், ஆக ஏழு பேர். வண்டியும் ஏழு சீட்டு, அதனால் சரியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அந்த ஏழில் ஒன்று டிரைவருடைய சீட்டு என்பதே அங்கே போய்த்தான் உறைத்தது. அவர்கள் வெளியே வந்தபோது மூன்று டிராலியில் எட்டுப் பெரிய பெட்டி, நான்கு கைப்பெட்டி, சின்னவளைத் தள்ளிக்கொண்டு வரும் ஸ்ட்ரோலர் வேறு. டிரைவர் டிக்கியைத் திறந்து காட்டினார். கடைசி வரிசை சீட்டுக்குப் பின்னால் ஒரு முழத்துக்குத்தான் இடம் இருந்தது, அதிலும் பாதியை கேஸ் சிலிண்டர் பிடித்திருந்தது.

மணி அப்போது அதிகாலை இரண்டரை. ஒரு முழு நாள் பயணம் செய்து வந்த பிள்ளைகள் டிராலி மேலேயே சாய்ந்து தூங்க, நானும் அத்தானும் இன்னொரு வண்டி தேடி முக்கால் மணி நேரம் அலைந்தோம். கடைசியில் கிடைத்த வண்டிக்கு, முதலிலேயே பெரிய வண்டி சொல்லியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட அதிகம் கொடுத்தோம். அதன் பிறகு எங்கள் சொந்தத்தில் யார் வந்தாலும் போனாலும் வண்டி சொல்லும் வேலையை நானே கேட்டு வாங்கிச் செய்கிறேன். பத்துப் பன்னிரண்டு தடவை செய்து பார்த்ததில் தெரிந்துகொண்டதை, முதல் தடவை வண்டி சொல்லப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். உதாரணம் எல்லாம் சென்னையை வைத்துத்தான், ஆனால் திருச்சி, மதுரை, கோவை எங்கே இறங்கினாலும் கணக்கு இதேதான்.

முதலில் பெட்டி, பிறகு ஆள்

நாம் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. டிராவல்ஸுக்கு போன் போட்டதும் "நாலு பேர் வர்றோம், என்ன வண்டி இருக்கு" என்று கேட்போம். அவரும் நாலு பேருக்கு உரிய வண்டியைச் சொல்லிவிடுவார், அவர் மேல் தவறே இல்லை. ஊருக்குள் கல்யாணத்துக்குப் போக அந்தக் கணக்கு போதும். விமான நிலையத்துக்கு அது உதவாது, ஏனென்றால் இங்கே ஓர் ஆளோடு இரண்டு பெரிய பெட்டியும் ஒரு கைப்பெட்டியும் சேர்ந்து வரலாம்.

பயணம் செய்கிறவர்களின் டிக்கெட்டை வாங்கிப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்குப் பெரும்பாலான டிக்கெட்டில் ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி. இரண்டு வயதைத் தாண்டி, தனி டிக்கெட்டில் வரும் குழந்தைக்கும் அதேதான், அதனால் நான்கு பேர் குடும்பம் என்றால் எட்டுப் பெட்டி வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைக்கு ஏது அவ்வளவு சாமான் என்று குறைத்துப் போடாதீர்கள், குழந்தையின் பெட்டியில்தான் சொந்தக்காரர்களுக்கான சாக்லேட் எல்லாம் வரும். வளைகுடாவிலிருந்து வருகிறவர்களுக்குப் பெட்டி எண்ணிக்கையைவிட மொத்த எடைதான் கணக்கு, பல டிக்கெட்டில் 30 கிலோ. அது ஒரு சூட்கேஸும் ஒரு கயிறு கட்டிய அட்டைப் பெட்டியுமாக வரும். உள்நாட்டு விமானம் என்றால் பெரும்பாலும் 15 கிலோ, ஒரே நடுத்தரப் பெட்டி.

அப்புறம் அளவு. பல விமான நிறுவனங்கள் ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. நாம் வாங்கும் பெரிய சூட்கேஸ் அந்த எல்லையை ஒட்டியே இருக்கும், 76, 50, 32 என்று வைத்துக்கொள்ளலாம். பெருக்கிப் பார்த்தால் ஒரு பெட்டி ஏறக்குறைய 120 லிட்டர். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கீழே வண்டி பார்க்கும்போது இதுதான் கைகொடுக்கும்.

நான் செய்வது இதுதான்: கிளம்புவதற்கு முந்தைய நாள் எல்லாப் பெட்டியையும் ஒரே இடத்தில் நிறுத்தி, பக்கத்தில் ஓர் ஆள் நிற்க, ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வேன். ஆள் நிற்பது அளவு தெரிவதற்காக. அந்தப் போட்டோவை அப்படியே டிராவல்ஸ்காரருக்கு அனுப்பிவிடுவேன். "பெரிய பெட்டி" என்றால் உங்கள் மனதில் ஓர் அளவு இருக்கும், அவர் மனதில் வேறோர் அளவு இருக்கும், போட்டோ அந்தச் சண்டையைத் தீர்த்துவிடும்.

பெட்டி கணக்கு முடிந்தபின் ஆளை எண்ணுங்கள். வருகிறவர்களோடு, அழைக்கப் போகிறவர்களையும் சேர்த்து. நம் வீடுகளில் ஒருவரை அழைத்துவர நான்கு பேர் போவது வழக்கம். தாத்தா பாட்டி பேரனை வாசலிலேயே பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவார்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் திரும்பும்போது அவர்கள் உட்காரும் இரண்டு சீட்டு நான்கு பெட்டிக்கான இடம். அதை முன்பே யோசித்து இரண்டாவது வண்டி சொல்லுங்கள், அல்லது போகிறவர்களைக் குறையுங்கள். என்னைக் கேட்டால் அதிகாலை விமானத்துக்கு ஒருவர் மட்டும் போவது போதும்.

எந்த வண்டியில் எவ்வளவு போகும்

இங்கேதான் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் பெரிய வண்டி என்றால் பெரிய டிக்கி என்று நாம் நினைப்பது பாதிதான் உண்மை.

சின்ன ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொள்ளுங்கள், வேகன் ஆர் மாதிரி. ஆப்பில் மிகக் குறைந்த விலைக்கு வருவது பெரும்பாலும் இதுதான். ஓர் ஆள், ஒரு பெரிய பெட்டி, ஒரு கைப்பெட்டி என்றால் தாராளம். இரண்டாவது பெரிய பெட்டி வந்தால் அது பின் சீட்டில்தான் போகும்.

அடுத்து டிசைர் வகை செடான். டாக்சியில் பாதிக்குப் பாதி இதுதான் வரும். டிக்கி ஏறக்குறைய 380 லிட்டர். 120 லிட்டர் பெட்டி மூன்று போகும் என்று கணக்குச் சொல்லும், ஆனால் டிக்கி ஒரு சதுரமான டப்பா இல்லை. இரண்டு பக்கமும் சக்கரத்தின் வளைவு உள்ளே வந்திருக்கும், மூடியின் கீல் மூடும்போது கீழே இறங்கும், அது இறங்குகிற இடத்தில் பெட்டி இருந்தால் மூடி சாத்தாது. அதனால் நடைமுறையில் இரண்டு பெரிய பெட்டி, சந்தில் ஒன்றிரண்டு கைப்பெட்டி. அவ்வளவுதான். மூன்றாவது பெரிய பெட்டி முன் சீட்டுக்கோ பின் சீட்டுக்கோ போகும், அப்போது ஆளுக்கான இடம் ஒன்று குறையும். ஆக இரண்டு பேர், மூன்று பெட்டி என்றால் டிசைர் சரி. மூன்று பேர், நான்கு பெட்டி என்றால் வேண்டாம்.

அதே செடானில் எட்டியோஸ் என்றால் கதை வேறு. டிக்கி 590 லிட்டருக்கு மேல். மூன்று பெரிய பெட்டியும் இரண்டு கைப்பெட்டியும் அடங்கிவிடும், அடுக்கத் தெரிந்த டிரைவராக இருந்தால் இன்னும் ஒன்றைச் செருகுவார். டொயோட்டா அந்த வண்டியைச் செய்வதை 2020இல் நிறுத்திவிட்டது, ஆனாலும் டாக்சியில் இன்னும் ஓடுகிறது. டிராவல்ஸ்காரர் "செடான் அனுப்புறேன்" என்றால் எந்த செடான் என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே வாடகைதான் பெரும்பாலும், டிக்கியில் 200 லிட்டர் வித்தியாசம்.

இப்போது எர்டிகா. நான் அன்றைக்கு மாட்டிக்கொண்ட வகை வண்டி இதுதான். ஏழு சீட்டு, டிரைவர் போக ஆறு பேர். மூன்று வரிசையும் நிமிர்ந்து இருக்கும்போது பின்னால் மிஞ்சுவது 209 லிட்டர். அதாவது டிசைரைவிடக் குறைவு! இரண்டு கைப்பெட்டியை நிறுத்தி வைக்கலாம், பெரிய பெட்டி ஒன்றுகூடச் சிரமம். ஆனால் அந்த மூன்றாவது வரிசையை மடக்கிப் படுக்க வைத்தால் 550 லிட்டர் ஆகிவிடும், நான்கு பெரிய பெட்டியும் மேலே சில கைப்பெட்டியும் போகும். அப்போது உட்கார நான்கு பேருக்குத்தான் இடம். மூன்றாவது வரிசை இரண்டு பாதியாகத் தனித்தனியே மடங்கும் என்பதால் ஒரு பாதியை மடக்கி ஐந்து பேர், இரண்டு பெட்டி என்றும் போகலாம். ஒன்று ஆறு பேர், இல்லை நாலு பேரும் நாலு பெட்டியும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. ஏழு சீட்டு வண்டி எதுவானாலும், கடைசி வரிசை ஆளுக்கா பெட்டிக்கா என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இன்னோவா கிரிஸ்டாவிலும் மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் 300 லிட்டர்தான், பெரிய பெட்டி இரண்டை நிறுத்தி வைக்கலாம். இன்னோவா என்றாலே எல்லாம் அடங்கும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடைசி வரிசையை மடக்கினால் ஐந்து பெரிய பெட்டி நிம்மதியாகப் போகும், ஆறாவதைக் கொஞ்சம் யோசித்து அடுக்க வேண்டும். ஒரு விஷயம், கிரிஸ்டாவின் கடைசி சீட்டு எர்டிகா போலத் தரையோடு படுக்காது, இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டி மேலே மடங்கி நிற்கும். அதனால் உயரம் நிறையக் கிடைக்கும், அகலம் கொஞ்சம் குறையும். பெட்டியைக் குறுக்கே படுக்க வைக்காமல் நெடுக்க நிறுத்தினால் நன்றாக அடங்கும்.

அதற்கு மேல் டெம்போ டிராவலர். 12 சீட்டு வண்டியில் ஏழெட்டுப் பேரும் பத்துப் பெட்டியும் போகலாம், ஆனால் இதிலும் ஒரு கேள்வி இருக்கிறது: பின்னால் டிக்கி வைத்த வண்டியா, இல்லை கடைசி சீட்டு பின் கதவு வரை போய்விடுகிற வண்டியா? இரண்டாவது வகை என்றால் பெட்டி எல்லாம் நடைபாதையிலும் காலி சீட்டிலும்தான் போகும், வழியில் இறங்கி ஏறப் பெரியவர்கள் கஷ்டப்படுவார்கள். ஏறும் படியும் உயரம். முட்டிவலி உள்ள அம்மா அப்பாவுக்கு நான் டிராவலர் சொல்வதில்லை.

எங்கள் அக்கா குடும்பத்துக்கு இப்போது நான் சொல்வது ஓர் இன்னோவா, ஓர் எட்டியோஸ். அக்கா, அத்தான், பிள்ளைகள் நான்கு பேரும் ஐந்து பெட்டியோடு இன்னோவாவில். மீதி மூன்று பெட்டியும் கைப்பெட்டிகளும் என்னோடு எட்டியோஸில். ஊருக்குள் போகும் தூரத்துக்கு டிராவலர் வாடகையைவிட இது பல தடவை குறைவாகவே வந்திருக்கிறது, இரண்டு விலையையும் கேட்டுப் பாருங்கள். கும்பகோணம், திருச்சி என்று தூரம் போக வேண்டுமானால் இரண்டு வண்டி செலவு கூடிவிடும், அங்கே டிராவலர்தான் லாபம்.

கேஸ் வண்டியா என்று கேட்க மறக்காதீர்கள்

இதற்காகவே இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று நினைத்தேன். டாக்சி ஓட்டுகிறவர்களுக்கு பெட்ரோல் விலை கட்டுப்படியாகாமல் சி.என்.ஜி.க்கு மாறியது நியாயமான விஷயம், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சிலிண்டர் எங்கே இருக்கும்? டிக்கியில். டிசைர் வகை டாக்சியில் பின் சீட்டின் முதுகை ஒட்டிக் குறுக்காகப் படுத்திருக்கும். மிஞ்சுகிற இடத்தில் இரண்டு கைப்பெட்டியும் ஒரு பையும் போகும், பெரிய சூட்கேஸ் படுக்காது. நான் மேலே சொன்ன "டிசைரில் இரண்டு பெரிய பெட்டி" என்ற கணக்கெல்லாம் பெட்ரோல், டீசல் வண்டிக்கு மட்டும்தான். எர்டிகாவிலும் கடைசி வரிசைக்குப் பின்னால்தான் சிலிண்டர், அதனால் ஆறு பேர் உட்கார்ந்துவிட்டால் டிக்கி என்று ஒன்று இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். சீட்டை மடக்கினாலும் தரை சமமாக இருக்காது.

சில புது வண்டிகளில் ஒரே பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்னச் சிலிண்டரை டிக்கித் தரைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள், டாடா டிகோர் அப்படி. அதில் பெட்டி வைக்க ஓரளவு இடம் கிடைக்கும். டாக்சியில் ஓடும் கிரிஸ்டா பெரும்பாலும் டீசல் வண்டி என்பதால் அதில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

ஆப்பில் வண்டி போட்டால் எது வரும் என்று முன்பே தெரியாது, "செடான்" என்று இருக்கும், வந்த பிறகுதான் டிக்கி தெரியும். வண்டி ஒதுக்கியதும் டிரைவருக்கு உடனே போன் போட்டு, "அண்ணே, கேஸ் வண்டியா? ரெண்டு பெரிய பெட்டி இருக்கு, வைக்க முடியுமா?" என்று கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் அவரே சொல்லிவிடுவார். அவர் பாதி தூரம் வந்து, பார்த்து, திரும்பிப் போவது அவருக்கும் நஷ்டம்தானே. பெரிய பெட்டி இரண்டுக்கு மேல் இருந்தால் நான் ஆப்பை நம்பிப் போவதில்லை, தெரிந்த டிராவல்ஸில் வண்டியின் பெயரைச் சொல்லி முன்பே பதிவு செய்துவிடுவேன்.

போனில் என்ன கேட்க வேண்டும்

நான் பேசுவதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

"அண்ணே, வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி, அதாவது சனிக்கிழமை விடியக்காலை ஒண்ணே முக்காலுக்கு இன்டர்நேஷனல் ஃபிளைட். நாலு பேர், அஞ்சு பெரிய பெட்டி, மூணு சின்னப் பெட்டி. போட்டோ அனுப்பியிருக்கேன். இன்னோவா வேணும், கடைசி சீட்டை மடக்கித்தான் அனுப்பணும். சீட்டு மடங்குதான்னு டிரைவர்கிட்ட ஒரு தடவை கேட்டுடுங்க."

கடைசி வரி விளையாட்டுக்கு இல்லை. பழைய வண்டிகளில் மடக்கும் கொக்கி துருப்பிடித்தோ, சீட் கவர் போட்டு இறுக்கித் தைத்தோ மடங்காமல் போய்விடும். ஒரு தடவை நானும் டிரைவரும் பத்து நிமிடம் அந்தக் கொக்கியோடு போராடியிருக்கிறோம்.

தேதி சொல்லும்போது மேலே உள்ளது போலக் கிழமையையும் "ராத்திரி விடிந்தால்" என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு இறங்கும் விமானத்துக்கு ஒரு நாள் தள்ளி வண்டி வந்த கதைகள் நிறைய உண்டு. விமான எண்ணையும் கொடுத்துவிடுங்கள், தாமதமானால் டிரைவரே பார்த்துக்கொள்வார்.

பணம் பேசும்போது மொத்தமாக எவ்வளவு என்று கேட்டு, அதில் என்னென்ன அடங்கும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: பார்க்கிங், சுங்கச்சாவடிக் கட்டணம், டிரைவர் பேட்டா, இரவுக் கட்டணம், காத்திருப்பு. வெளிநாட்டு விமானம் இறங்கி, குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டி வந்து, சுங்கத் துறையைத் தாண்டி வெளியே வர ஒரு மணி நேரம் சாதாரணமாக ஆகும், சில நாள் இரண்டு மணி நேரம்கூட. காத்திருப்பு எப்போதிலிருந்து கணக்கு என்று தெரிந்துகொள்ளாவிட்டால் கடைசியில் மனக்கசப்பு வரும். வெளியூர் என்றால் ஒரு வழி டிராப் வண்டிகள் பெரும்பாலும் குறைந்தபட்சம் 130 கிலோமீட்டருக்குக் கணக்கிடும், போய் வரும் வாடகை என்றால் ஒரு நாளைக்கு 250 என்று வைப்பார்கள். விமான நிலையத்துக்கு முன்னால் போகும் ஜி.எஸ்.டி. சாலையில் (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) தெற்கே போனால் பரனூர், ஆத்தூர் என்று சுங்கச்சாவடிகள் தொடங்கிவிடும், அந்தப் பணம் வாடகையோடு சேர்த்தியா தனியா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் செய்தி போதும்.

இன்னொன்று, மஞ்சள் போர்டு வண்டிதானா என்று பாருங்கள். தெரிந்தவர் வண்டி, வாடகை குறைவு என்று வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுப்பது சட்டப்படி தவறு, ஏதாவது ஆகிவிட்டால் காப்பீட்டுக்குப் போய் நிற்க முடியாது.

மேலே கட்டுவது பற்றி

"பெட்டி மிஞ்சினா மேல கேரியர்ல கட்டிக்கலாம் சார்" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சின்னக் கார்களின் கூரை தாங்கும் எடை பெரும்பாலும் 50 கிலோவை ஒட்டியே இருக்கும், கேரியரின் எடையும் அதற்குள்தான். இரண்டு பெட்டி வைத்தாலே 46 கிலோ. மூன்று நான்கு என்று அடுக்கினால் வளைவில் வண்டி சாயும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், தார்ப்பாய் போட்டாலும் காற்றில் ஓரம் தூக்கித் தண்ணீர் உள்ளே போகும், அட்டைப் பெட்டி என்றால் முடிந்தது கதை. ராத்திரி டீக்கடையில் நிறுத்தும்போது மேலே ஒரு கண் வைத்தபடியே டீ குடிக்க வேண்டும். வேறு வழியே இல்லை என்றால் துணி மட்டும் இருக்கும் லேசான பெட்டியை மேலே போட்டு, கயிறை இரண்டு திசையிலும் குறுக்காகக் கட்டி, 20 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். கயிறு முதல் அரை மணி நேரத்தில்தான் தளரும்.

டி.வி. பெட்டி கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 55 அங்குல டி.வி.யே குறுக்கே 120 சென்டிமீட்டருக்கு மேல், அட்டைப் பெட்டியோடு இன்னும் நீளம். எந்த செடான் டிக்கியிலும் போகாது, பின் சீட்டில் வைத்தால் கதவு சாத்தாது. இன்னோவாவிலோ எர்டிகாவிலோ கடைசி சீட்டை மடக்கி, நெடுக்காக, நிமிர்த்தி வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். படுக்க வைத்து மேலே பெட்டி அடுக்கினால் திரை உடைந்துவிடும்.

இறங்கியதும் எங்கே ஏறுவது

சென்னையில் ஆப் டாக்சிகள் பல அடுக்கு வாகன நிறுத்தத்தில் ஏற்றிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள், அது 2022 டிசம்பரில் திறந்தது. முனைய வாசலிலிருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு அங்கே வரை போக வேண்டும், நடுவில் லிஃப்டும் உண்டு. ஒருவர் ஒரு டிராலி தள்ளலாம், அதில் மூன்று நான்கு பெட்டிதான் நிற்கும். எட்டுப் பெட்டிக்கு இரண்டு மூன்று டிராலி, அதைத் தள்ள அத்தனை பெரியவர்கள் வேண்டும், தூங்கும் குழந்தையை யார் தூக்குவது என்பதையும் யோசியுங்கள். வயதானவர்களுக்கு பேட்டரி வண்டி கிடைக்கும், கேட்டு ஏறிக்கொள்ளலாம். வண்டி பதிவு செய்யும்போதே எந்த முனையம், வாசலிலா வாகன நிறுத்தத்திலா, எந்தத் தளம் என்று கேட்டுக் குறித்து வையுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவரின் செல்பேசி இங்கே வேலை செய்யாமல் போகலாம் என்பதால் டிரைவரின் எண்ணையும் வண்டி எண்ணையும் அவர் விமானம் ஏறும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஓர் ஆள், ஒரு கைப்பெட்டி, பகல் நேரம் என்றால் வண்டியே வேண்டாம். விமான நிலையத்திலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது, அதிகாலை 5 முதல் இரவு 11 வரை ரயில் ஓடும், சென்ட்ரல் வரை நேராகப் போகலாம். ஜி.எஸ்.டி. சாலைக்கு எதிரே திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயில், தாம்பரத்தில் ஊர் ரயில் பிடிக்கிறவர்களுக்கு அது வசதி, ஆனால் படி ஏறி இறங்க வேண்டியிருக்கும், பெரிய பெட்டியோடு முயற்சி செய்யாதீர்கள்.

அடுக்கும் முறை

டிரைவருக்கு விட்டுவிடுவது நல்லது, அவர் வண்டி அவருக்குத்தான் தெரியும். ஆனால் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது சில உண்டு. கனமான பெட்டி அடியில், சீட்டின் முதுகை ஒட்டி. லேசானது மேலே. பாஸ்போர்ட், மருந்து, குழந்தைக்கு மாற்றுத் துணி, பால் பவுடர் இருக்கும் பை டிக்கிக்குள் போகவே கூடாது, அது உங்கள் காலடியில் இருக்கட்டும். வழியில் முதலில் இறங்குகிறவரின் பெட்டி கடைசியாக ஏறட்டும்.

ஏழு சீட்டு வண்டியில் சீட்டை மடக்கி அடுக்கும்போது, பெட்டிக்கும் ஆளுக்கும் நடுவே இருப்பது இரண்டாவது வரிசைச் சீட்டின் முதுகு மட்டும்தான். அந்த முதுகின் உயரத்துக்கு மேல் எதையும் அடுக்காதீர்கள். சடன் பிரேக் போட்டால் 23 கிலோ பெட்டி தலைக்கு மேல் பறந்து முன்னால் வரும். எனக்கு இதில் சமரசமே கிடையாது, கைப்பெட்டி ஒன்று மிஞ்சினால்கூட இன்னொரு ஆட்டோவில் அனுப்பிவிடுவேன். அதே போலப் பெட்டியை மடியில் வைத்து, அதன் மேல் குழந்தையை உட்கார வைப்பதும் வேண்டாம்.

குழந்தைக்குக் கார் சீட் கொண்டுவருகிறவர்கள், பின் சீட்டில் பெல்ட் வேலை செய்கிறதா என்று டிரைவரிடம் முன்பே கேளுங்கள். பல டாக்சிகளில் பெல்ட் இருக்கும், ஆனால் பூட்டும் கொக்கி சீட் கவருக்கு அடியில் போய்விட்டிருக்கும். வருவதற்கு முன்பே வெளியே எடுத்து வைக்கச் சொன்னால் அவர்கள் செய்துவிடுவார்கள். கார் சீட் ஓர் ஆள் இடத்தைவிடக் கொஞ்சம் அதிகமே எடுக்கும், இரண்டு கார் சீட் போட்டால் நடுவில் பெரியவர் ஒருவர் உட்கார முடியாது, அதையும் ஆள் கணக்கில் சேருங்கள்.

டிக்கி நிறைய ஏற்றினால் பின் சக்கரத்தில் காற்று போதுமா என்று பாருங்கள். நான்கு பெட்டி என்றால் 92 கிலோ, கூடுதலாக ஒரு பெரிய ஆள் ஏறிய மாதிரி. முழுச் சுமைக்கு எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் காகிதத்தில் இருக்கும். வெளியூர்ப் பயணம் என்றால் கிளம்பும் முன் பெட்ரோல் பங்கில் ஐந்து நிமிடம் நின்று சரி செய்துகொண்டே போங்கள்.

திரும்பிப் போகும்போது

வரும்போது ஆன கணக்கே திரும்பவும் என்று விட்டுவிடாதீர்கள். எட்டுப் பெட்டியோடு வந்தவர்கள் எட்டோடுதான் போவார்கள், ஆனால் ஊறுகாய், பொடி வகை, பட்டுப் புடவை, பித்தளைக் குத்துவிளக்கு என்று எடை ஏறியிருக்கும். கடைசி நேரத்தில் அம்மா கட்டிக் கொடுக்கும் இரண்டு பை எந்தக் கணக்கிலும் இருக்காது, அதற்காக எப்போதும் ஒரு கைப்பெட்டி அளவு இடத்தைக் காலியாக வைத்து வண்டி சொல்லுங்கள். வழியனுப்ப வருகிறவர்களும் வரவேற்க வந்தவர்களைவிட அதிகமாகவே இருப்பார்கள். அவர்களுக்குத் தனி வண்டிதான், பெட்டி வண்டியில் பயணிகள் மட்டும்.

அந்த வண்டியை வீட்டு வாசலுக்கு அரை மணி நேரம் முன்னதாக வரச் சொல்லுங்கள். வந்ததும் முதலில் எல்லாப் பெட்டியையும் ஏற்றி டிக்கியைச் சாத்திப் பார்த்துவிடுங்கள், சாப்பாடு, பூஜை, விடைபெறுவது எல்லாம் அதற்குப் பிறகு. டிக்கி சாத்தாவிட்டால் இன்னொரு வண்டி வரவழைக்க அந்த அரை மணி நேரம் போதும். ஏறும்போது பெட்டியை எண்ணி ஒரு போட்டோ, முனைய வாசலில் இறக்கியதும் மறுபடி ஒரு எண்ணிக்கை. எண்ணி முடிக்கும் வரை டிரைவரை அனுப்பாதீர்கள், கடைசி சீட்டுக்கு அடியிலும் ஸ்டெப்னிப் பக்கத்திலும் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு அவருக்குப் பணத்தைக் கொடுங்கள்.